உள்ளங்கை அளவு மேய்ச்சல் நிலம்

கண்ணு,

உன் படம் வந்து சேர்ந்தது. மரத்தடியில் ஒரு மேய்ப்பன், அவன் பக்கத்தில் ஐந்து ஆடுகள், மேலே நீ எழுதிய எட்டு வரிகள். “கவிதை எழுதுகிறவள் படமும் போடலாமா தாத்தா, இல்லை இரண்டு தோணியில் கால் வைத்த கதையாகிவிடுமா?” என்று கேட்டிருந்தாய்.

நானும் இரண்டு தோணியில் கால் வைத்தவன்தான். நாற்பது வருஷம் பத்திரிகைகளுக்குப் படம் போட்டேன். யாருக்கும் காட்டாமல் கவிதையும் எழுதினேன். இரண்டிலும் பெரிய ஆள் ஆகவில்லை. ஆனால் செய்யக்கூடிய தப்புகளில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்த வகையில் உனக்குக் கொடுக்க என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

என் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் படம் உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் “அந்தப் பாப்பா ஏன் மேகத்துல இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நடுவில் ஒரு குழலூதி. இரண்டு பக்கமும் மரங்கள். அவனுக்குப் பின்னால் ஆட்டு மந்தை. தலைக்கு மேலே மேகத்தில் ஒரு குழந்தை. லண்டன்காரர் வில்லியம் பிளேக் 1789-இல் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்’ என்ற கவிதைப் புத்தகத்தின் முகப்புப் படம் அது. கவிதையும் அவருடையது, படமும் அவருடையது, அச்சடித்துச் சாயம் தீட்டியதும் அவர் வீட்டிலேயே. அந்தப் படத்தைப் பார்த்தபடி எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். வரிசை நம்பர் போட்டிருக்கிறேன் என்பதற்காக வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

1. சின்னத் தாளில் ஆரம்பி. முதல் சம்பளத்தில் நான் வாங்கியது முழு ஷீட், 22-க்கு 30 அங்குலம். ஆற்றங்கரை மேய்ச்சலை முழுவதும் அதில் பிடித்துவிடுவதாக நினைப்பு. வானத்தைத் தீட்டி முடிப்பதற்குள் ஒரு பக்கம் காய்ந்து கோடு விழுந்துவிட்டது. ஆடுகளோ கிணற்றில் போட்ட பஞ்சு மாதிரி அங்கங்கே மிதந்தன. அந்தத் தாளை வெட்டி மளிகைக் கணக்கு எழுதினாள் உன் பாட்டி. பிளேக்கின் அந்தப் பக்கத்தின் அளவு தெரியுமா? சுமார் 11 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம். உன் உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். அதற்குள்தான் மரம், மந்தை, மனிதன், மேகம் எல்லாம் நெரிசலில்லாமல் இருக்கின்றன. சின்னத் தாளில் தப்பு பண்ணினால் நஷ்டமும் சின்னது, வெட்கமும் சின்னது.

2. ஆட்டைப் போய்ப் பார். கோபித்துக்கொள்ளாதே, உன் படத்தில் இருப்பவை செம்மறியா வெள்ளாடா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இது நடந்தது. ஒரு தொடர்கதைக்கு நான் போட்ட மந்தையைக் கிடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “உடம்பு செம்மறி, வாலு வெள்ளாடு. இதுக்குப் பேரு என்னங்க தம்பி?” என்றார். வெள்ளாட்டின் வால் மேல் நோக்கி நிற்கும், செம்மறியின் வால் கீழே தொங்கும். அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பத்திரிகையில் பெயர் வந்துகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

‘பிளேக் மட்டும் ஆட்டைப் பார்த்தா வரைந்தார்? கண்ணால் காணும் இயற்கை தன் கற்பனையை மங்கவைக்கிறது என்றவராயிற்றே!’ என்று நீ கேட்கக்கூடும். படித்தவள் நீ. ஆனால் அவர் 1772-இல், பதினாலு வயதில், ஜேம்ஸ் பாசயர் என்ற செதுக்கு ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்ததையும் படி. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் ராஜாக்களின் கல்லறைச் சிலைகளை நாள்தோறும் பார்த்துப் பார்த்து வரைய அனுப்பினார் அந்த ஆசான். அத்தனை மடிப்பும் விரலும் நகமும் கைக்குள் ஏறிய பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டு வரையும் உரிமை அவருக்கு வந்தது. நமக்கு அந்த உரிமை பிறவியிலேயே இருப்பதாக நினைத்ததுதான் என் வாலிபம் முழுக்க நான் செய்த தப்பு.

3. முப்பத்தாறு கலர் டப்பாவை உள்ளே வை. ஆறு போதும். பிளேக்கின் வாழ்க்கையை 1863-இல் எழுதிய அலெக்சாண்டர் கில்கிறிஸ்ட் அவருடைய வண்ணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்: அவுரி நீலம், கோபால்ட், காம்போஜ் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, ஃபிராங்க்ஃபர்ட் கருப்பு. இவற்றைத் தாராளமாக எடுப்பாராம், அல்ட்ராமரீனை அபூர்வமாக. ஒரு பளிங்குத் துண்டின்மேல் தாமே அரைத்து, தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழைத்துக்கொள்வாராம். வச்சிர வாடையோடு அந்த மேகத்தில் குழந்தை மிதந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

வெள்ளை டியூபையும் கொஞ்ச நாள் மற. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது நீ தொடாமல் விட்ட தாள். உன் ஆடுகளின் முதுகில் வெள்ளையை அப்பியிருக்கிறாய், சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. சுற்றிலும் புல்லை மெல்லிய பச்சையாக ஓடவிட்டு, முதுகு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பார், ஆடு தானாக எழுந்து நிற்கும். பிறகு, காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் உட்கார்ந்ததில்லை. ஈரத்தில் மறுபடி மறுபடி தொட்டு எத்தனை வானத்தைச் சேறாக்கியிருக்கிறேன்! பொறுமை எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது, அதுவும் முழங்கால் வலியோடு சேர்ந்து.

4. கையால் செய்யும் வேலையைக் கேவலமாக நினைக்காதே. அந்தப் பக்கம் எப்படி உருவானது என்று கேள். செப்புத் தகட்டின் மேல், திராவகம் அரிக்காத ஒரு கலவையைத் தொட்டுக் கவிதையையும் படத்தையும் சேர்த்தே எழுதுவார். தகட்டின் மேல் திராவகம் ஊற்றுவார். எழுதாத இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகும், எழுதியது மேடாக நிற்கும். மேட்டில் மை ஒற்றி, தாளை வைத்து, அச்சு உருளையில் ஓட்டி எடுத்து, பிரதி பிரதியாகப் பிரஷ்ஷால் வண்ணம் கொடுக்க வேண்டும். அச்சில் இடது வலதாகும் அல்லவா? அதனால் கவிதை முழுவதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். உன் எட்டு வரியை ஒரு தடவை அப்படித் திருப்பி எழுதிப் பார். எந்தச் சொல் தேவையில்லை என்று விரலே சொல்லிவிடும்.

இந்த முறையை, இறந்துபோன தம்பி ராபர்ட் வந்து சொல்லிக்கொடுத்தான் என்றே பிளேக் நம்பினார். 1787-இல் அந்தத் தம்பி சாகக்கிடந்தபோது இரண்டு வாரம் கண் மூடாமல் பக்கத்தில் இருந்து, எல்லாம் முடிந்த பின் மூன்று பகல் மூன்று இரவு தூங்கினாராம். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். என் அம்மா போன பிறகுதான் அவள் போட்ட கோலத்தின் புள்ளிக்கணக்கு எனக்குப் பிடிபட்டது.

5. கவிதை சொன்னதையே படம் திரும்பச் சொல்ல வேண்டாம். உன் கவிதையில் ‘ஐந்து ஆடுகள்’ என்று இருக்கிறது, படத்திலும் ஐந்து. எண்ணிச் சரிபார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை. பிளேக்கின் முதல் கவிதையில் மேகத்துக் குழந்தை குழலூதியை ஊதச் சொல்கிறது, பாடச் சொல்கிறது, கடைசியில் எழுதி வைக்கச் சொல்கிறது. அவன் ஒரு நாணலை ஒடித்துப் பேனாவாக்கி, தெளிந்த தண்ணீரில் சாயம் ஏற்றி எழுதுகிறான். நீர்வண்ணத்துக்கு இதைவிட நல்ல பிறந்த கதை இருக்குமா என்று எனக்குத் தோன்றும். ஆனால் படத்தைப் பார். அதில் அவன் ஊதவில்லை, பாடவில்லை, எழுதவுமில்லை. குழல் வாயை விட்டுக் கீழே இறங்கி இருக்கிறது. தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறான். கவிதையில் வந்த சத்தம் எதுவும் படத்தில் இல்லை. பாட்டு நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தைத்தான் வரைந்திருக்கிறார். பின்னால் ஆடுகள் தம் பாட்டுக்கு மேய்கின்றன, அவற்றுக்கு மேகமும் தெரியாது, குழந்தையும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது. அதுவரை கதையில் ‘அவள் அழுதாள்’ என்று வந்தால் கண்ணீர்த் துளியை வரைந்துகொண்டிருந்தேன்.

6. நன்றாக வந்துவிட்டதை மறுபடி செய்யாதே. ஒரு பொங்கல் மலருக்கு நிலவொளியில் ஆட்டுக் கிடை ஒன்று வரைந்தேன். வாசகர் கடிதங்கள் வந்தன. அடுத்த வருஷமும் அதையே கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் கேட்பதற்கு முன்பே கொடுத்தேன். ஏழாவது நிலவு வரைந்தபோது அது எனக்கே தேங்காய் மூடி மாதிரி தெரிந்தது. பிளேக்கிடம் ஒரே தகடு, இருந்தும் அவர் வண்ணம் தீட்டிய பிரதிகளில் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆரம்ப காலப் பிரதிகளில் சாயம் மெலிசாக, தாள் மூச்சு விடும்படி இருக்கும். கடைசிக் காலப் பிரதிகளில் அடர்ந்த நிறம், சிலவற்றில் பொன்னும். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே குழலூதிக்கு, கேட்டவர்களுக்கெல்லாம், புதிதாக ஒரு காலைப் பொழுதைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

7. உன் வேலைக்குப் பின்னால் இருக்கும் கையை மறக்காதே. 1782-இல் பிளேக்கைக் கல்யாணம் செய்துகொண்டபோது கேத்தரின் பதிவேட்டில் பெயர் எழுதத் தெரியாமல் ஒரு X குறி போட்டாள். அவர் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார், அச்சு இழுக்கவும் வண்ணம் தீட்டவும் சொல்லிக்கொடுத்தார். புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டவளும் அவள்தான். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் சில பக்கங்களில் எந்தப் பச்சை அவர் கை, எந்தப் பச்சை அவள் கை என்று அறிஞர்களே குழம்புகிறார்கள். 1827 ஆகஸ்டில், சாகும் தறுவாயில், கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு அவளைப் படமாக வரைந்தாராம்.

நான் ஒரே ஒரு தடவை கண்காட்சி வைத்தேன். சட்டம் போட்டவருக்கு நன்றி, விளக்குப் போட்டவருக்கு நன்றி, டீ கொண்டுவந்த பையனுக்குக்கூட நன்றி. இருபது வருஷம் தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டிக் கொடுத்தவள் மூன்றாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இதை அவளுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை, நீயும் காட்டாதே.

8. ஆதரிக்கிறவரிடம் பதமாக நடந்துகொள். இது எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஒரு பெரியவர் தம் தோப்பு வீட்டில் என்னைத் தங்கவைத்து மாதப் பணமும் கொடுத்தார். நல்ல மனிதர். மேய்ச்சல் காட்சி கேட்டார். வரைந்ததும், ஆடுகளுக்குப் பக்கத்தில் தம் காரையும் போடச் சொன்னார். போட்டேன். அப்புறம் ஊரெல்லாம் அவரைத் திட்டினேன். கார் போட்டதைவிடத் திட்டியதுதான் இப்போது உறுத்துகிறது.

பிளேக்குக்கும் அப்படி ஒருவர் இருந்தார், வில்லியம் ஹெய்லி என்று. 1800-இல் அவர் அழைத்துத்தான் லண்டனை விட்டுக் கடலோர ஃபெல்பம் கிராமத்துக்குக் குடிபோனார் பிளேக். முதலில் சொர்க்கம் என்றார். ஹெய்லியோ அவரைக் குட்டி உருவப்படங்கள் வரையவைத்தார், நண்பர்களிடம் சிபாரிசு பண்ணினார், புத்தி சொன்னார். மூன்றே வருஷத்தில் பிளேக்குக்கு மூச்சு முட்டிவிட்டது. தன் குறிப்பேட்டில் ஹெய்லியைக் கிண்டல் பண்ணிக் குட்டிப் பாட்டுகள் எழுதி வைத்தார். ஆனால் கேள்: 1803-இல் தோட்டத்துக்குள் வந்த ஒரு சிப்பாயைப் பிளேக் பிடித்து வெளியே தள்ள, அவன் ராஜத்துரோகப் புகார் கொடுத்துவிட்டான். சிச்செஸ்டரில் வழக்கு. வக்கீல் வைத்ததும் கூண்டேறி நல்லவர் என்று சாட்சி சொன்னதும் அந்த ஹெய்லிதான். 1804 ஜனவரியில் விடுதலை ஆனது. சலிப்பைத் தருகிறவரும் ஒருநாள் உனக்காகப் படியேற வேண்டி வரலாம். குறிப்பேட்டில் எழுதிக்கொள், அதைப் பூட்டியும் வை.

9. கூட்டம் வராது. தயாராக இரு. 1809-இல் அண்ணன் ஜேம்ஸின் காலுறைக் கடை மாடியில் பதினாறு படங்களை வைத்துப் பிளேக் ஒரு கண்காட்சி நடத்தினார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். வந்த ஒரே விமர்சனம் அவரைப் பைத்தியம் என்றது. நாம் இன்று சுவரில் மாட்டிக் கும்பிடும் அந்தப் புத்தகத்துக்கு 1793-இல் அவர் வைத்த விலை 5 ஷில்லிங், 1818-இல் 3 கினி. அப்போதும் வரிசை நிற்கவில்லை.

10. வயதானாலும் புதிதாய்க் கற்றுக்கொள்ள ஒன்றை மிச்சம் வை. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியாமல் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். பிளேக்குக்கு அறுபது தாண்டிய பிறகு, ராபர்ட் தார்ன்டன் என்ற டாக்டர், பள்ளிப் பிள்ளைகளுக்காக வெர்ஜிலின் மேய்ச்சல் பாடல்களைப் பதிப்பிக்கப் படம் கேட்டார். மரத்தில் செதுக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் செம்பில் உழைத்த மனிதருக்கு மரம் புதுசு. முதலில் தாளில் சாம்பல் நிற வாஷ் கொடுத்துக் குட்டிக் குட்டியாக வரைந்துகொண்டார். பிறகு உளியை எடுத்தார். பதினேழு கட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் 7.5 செ.மீ. அகலம், அதில் பாதி உயரம்.

தொழில் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். முரட்டு வேலை, கற்றுக்குட்டி வேலை என்றார்கள். நல்லவேளையாக வேறு சில ஓவியர்கள் ஒரு விருந்தில் அவற்றைப் புகழ்ந்து பேசவே, தார்ன்டன் மனம் மாறி 1821-இல் அச்சிட்டார். அதிலும் கட்டைகளின் ஓரத்தைப் பக்கத்துக்குத் தக்கபடி வெட்டினார்கள், கலைத்திறன் குறைவுதான் என்று ஒரு சமாதானக் குறிப்பையும் அடியில் போட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பிளேக்கைப் பார்க்க வந்த பத்தொன்பது வயதுப் பையன் சாமுவேல் பாமர், அந்தக் கட்டைகளின் இருட்டையும் நிலவையும் பார்த்தே மயங்கிப்போய், ஷோரம் கிராமத்தில் போய் உட்கார்ந்து ஆட்டு மந்தையும் அறுவடையுமாக வரைந்து தள்ளினான். எனக்குப் பிடித்தது வேறு. அந்த முரட்டுக் கோடுகளில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தப்பு விட்டுவிடுவோமோ என்று பயப்படாமல் உளி பிடித்திருக்கிறார். எனக்கு எழுபத்திரண்டு. போன மாதம் லினோ தாள் வாங்கி வைத்தேன். விரலில் இரண்டு பிளாஸ்திரி. ஆடு இன்னும் பன்றி மாதிரிதான் வருகிறது.

11. அந்தக் கட்டைகளில் இருப்பது இரண்டு மேய்ப்பர்கள். தீனாட் கிழவன், காலினெட் இளையவன். பெயரெடுக்க ஊரை விட்டுப் போய் ஒன்றும் நடக்கவில்லை, விதி சரியில்லை என்று இளையவன் புலம்புகிறான். கிழவன் கேட்டுக்கொள்கிறான், தெரிந்ததைச் சொல்கிறான். கடைசியில் அவனுக்கும் சொல் தீர்ந்துபோகிறது. இருட்டுகிறது, உன் மந்தையை என் பட்டியில் அடைத்துவிட்டு இன்று ராத்திரி என்னோடு தங்கு, பாலும் பாலாடைக் கட்டியும் போன வருஷத்துப் பழம் கொஞ்சமும் இருக்கிறது என்கிறான். பிளேக் அந்தச் சாப்பாட்டையும் ஒரு கட்டையில் செதுக்கியிருக்கிறார்.

எனக்கும் சொல் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயந்திர பஸ்ஸில் வா. பாட்டி மோர்க்குழம்பு வைக்கிறேன் என்கிறாள், மாவடுவும் இருக்கிறது. உன் படத்தை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டு வா. வாலைத் திருத்திவிடாதே, பாட்டி பார்த்துச் சிரிக்க வேண்டும்.

தாத்தா